பிடிக்காத குமாஸ்தா வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: பட்டம் முடித்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. சேரும்போது சொன்னது ஒன்று, செய்வது வேறு. ரசீதுகளைப் பார்த்து எக்செலில் ஏற்றுவது, நகல் எடுப்பது, கோப்புகளை எண் வாரியாக அடுக்குவது, நடுநடுவே மேலாளரின் சொந்த வேலைகளுக்கு ஓடுவது. ஐந்து மாதமாக வேறு இடம் தேடியும் எங்கிருந்தும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தால் எதற்கும் தெம்பு இல்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா? இருப்பதென்றால் எப்படித் தாக்குப்பிடிப்பது? வேலை தேடும் விஷயத்தைப் பக்கத்து இருக்கை நண்பரிடம் சொல்லலாமா?

நானும் இதே மாதிரி நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். தபால் பிரிவு. காலையில் போனதும் முதல் காரியம், ரப்பர் முத்திரையின் தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவது. அப்புறம் கட்டுக்கட்டாக வந்திருக்கும் காகிதங்களில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குவது. பின்னோடு விட்டால் ஸ்கேனர் கண்ணாடியில் கீறல் விழும், கூடவே திட்டும் விழும். முத்திரை, வரிசை எண், பதிவேட்டில் ஒரு வரி, ஸ்கேன், மறுபடியும் பின். வலது கட்டைவிரல் நகத்தோரம் எனக்கு எப்போதும் பிய்ந்தே இருக்கும். பிற்பாடு ஆள் எடுக்கும் பக்கம் போய், சில நூறு விண்ணப்பங்களைப் படித்துச் சலித்தவனும் நான்தான். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சோர்வு. "நாள் முழுக்கப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே, பிறகு ஏன் இப்படி அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது?" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சோம்பேறித்தனம் இல்லை இது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-ல் வேலைகளை இரண்டு அளவுகோல்களால் பிரித்துக் காட்டினார். வேலை உங்களிடம் எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று. அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே குறைவாக இருக்கும் வேலைக்கு அவர் வைத்த பெயர் 'செயலற்ற வேலை'. ஸ்வீடன் தொழிலாளர்களின் விவரங்களைப் பார்த்தபோது, இப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்கள் அலுவலகத்துக்கு வெளியேயும் மெல்ல மந்தமாகிப் போனது தெரிந்தது. மூளைக்கு வேலை கொடுக்காத எட்டு மணி நேரம் மிச்ச நேரத்துக்குச் சக்தியைச் சேமித்துத் தருவதில்லை, அதையும் சேர்த்தே தின்றுவிடுகிறது.

பிரிட்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இன்னும் கடுமையானது. உயர் பதவிக்காரர்களைவிடக் கீழ்நிலை ஊழியர்களிடையே இதய நோய் மரணங்கள் அதிகம் என்று அது காட்டியது. பெரிய அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1985-ல் 10,308 பேரை வைத்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், வேலையில் தன் கையில் எந்த முடிவும் இல்லாத நிலை இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நகல் எடுப்பது உங்களை அரிக்கவில்லை, 'எப்போது, எப்படி, எதற்கு' என்ற மூன்றுமே இன்னொருவர் கையில் இருப்பதுதான் அரிக்கிறது. இது புரிந்துவிட்டால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் ஓரளவு பிடிபடும்.

ஆனால் உங்கள் ஐந்து மாதத்தைத் தின்றது சோர்வு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். புலம்பலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். என் கதை இது: முதல் வருடம் நானும் இன்னும் இருவரும் வேலை முடிந்து வாசலில் நின்று முக்கால் மணி நேரம் மேலாளரை வறுத்தெடுப்போம். அவர் நடை, அவர் கையெழுத்து, அவர் தொலைபேசியில் பேசும் தொனி எல்லாம் நடித்துக் காட்டப்படும். வீட்டுக்கு வரும்போது ஏதோ சாதித்துவிட்ட நிறைவு இருக்கும். வருட முடிவில் கணக்குப் பார்த்தேன். நான் அனுப்பியிருந்த விண்ணப்பங்கள் மொத்தம் நான்கு. தேடலுக்குப் போக வேண்டிய நேரமும் சூடும் வாசலிலேயே தீர்ந்துபோயிருந்தன. புலம்பினால், இந்த இடத்தை ஏற்கெனவே பாதி விட்டுவிட்டோம் என்ற மயக்கம் வரும். மறுநாள் காலை அதே தேதிச் சக்கரம்தான்.

மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். பிராட் புஷ்மேன் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட சோதனையில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தித் தீர்த்தவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கொட்டுவதிலும் வகை உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை பறிபோன பொறியாளர்களில் ஒரு பகுதியினரைத் தினம் 20 நிமிடம், ஐந்து நாள், அந்த இழப்பைப் பற்றிய ஆழமான எண்ணங்களை எழுதச் சொன்னார்கள். அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிட இவர்களில் கூடுதலானோருக்கு வேலை கிடைத்தது. இத்தனைக்கும் இவர்கள் அதிகமாக விண்ணப்பிக்கவில்லை. பழைய முதலாளி மேலிருந்த கசப்பு தணிந்ததால் நேர்காணலில் அவர்கள் பேசிய விதம் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் என்ற முறையில் நானும் அதை நம்புகிறேன். "இப்போதைய இடத்தை ஏன் விடுகிறீர்கள்?" என்று கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு இறுக்கம் வரும். வாய் நாகரிகமாகத்தான் பேசும், ஆனால் எதிரே இருப்பவர் அந்த முகத்தைப் பார்த்துவிடுவார்.

எனவே இன்றிலிருந்து அலுவலகத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு எல்லை வையுங்கள். வீட்டில் பத்து நிமிடம், போதும். எழுதுவதென்றால் ஒரு வாரம் உட்கார்ந்து முழுதாக எழுதித் தீர்த்துவிடுங்கள்.

ராஜினாமா பற்றி. அடுத்த வேலை கையில் வராமல் விடாதீர்கள் என்பதே என் பதில். சம்பளம் நின்ற மறுமாதம் தேடலின் குணமே மாறிவிடும். இப்போது நீங்கள் ஒரு இடத்தைப் பார்த்து 'இதுவும் இதே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது' என்று ஒதுங்க முடிகிறது. வாடகை நெருக்கும்போது ஒதுங்க முடியாது, இன்னொரு நகல் இயந்திரத்தின் முன்தான் போய் நிற்பீர்கள். வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் பேச இருக்கும் தைரியம், இல்லாதவருக்கு இருப்பதில்லை என்பதையும் பல முறை பார்த்திருக்கிறேன்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் எனக்குத் தயக்கமே இல்லை. மாதக்கணக்கில் சம்பளம் தராமல் இழுத்தடித்தால், கை நீட்டினாலோ தப்பாக நடந்துகொண்டாலோ, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால், தூக்கமும் உடம்பும் கெட்டு மருத்துவரிடம் போகும் அளவுக்கு வந்துவிட்டால், வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. வெறுப்பும் வீணாகிறோம் என்ற உணர்வும்தான் தெரிகின்றன. அவற்றோடு இன்னும் சில மாதம் குடித்தனம் நடத்த முடியும்.

எப்படி நடத்துவது? பறிபோன முடிவுரிமையில் கொஞ்சத்தையாவது மீட்டுக்கொள்ள வேண்டும். எதை முதலில் முடிப்பது, எந்த வரிசையில் அடுக்குவது, எப்போது எழுந்து நடப்பது என்பவை அற்ப விஷயங்களாகத் தோன்றும். ரசீதுகள் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்தால், வர வர ஏற்றாமல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு தவணையாக ஏற்றிப் பாருங்கள். நடுவில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் உங்களுடையது மாதிரி இருக்கும்.

இதற்கு ஆங்கிலத்தில் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஏமி ரெஸ்னியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் எழுதிய கட்டுரையில், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் நோயாளிகளுக்குத் தேறுதல் சொல்வதையும் தங்கள் வேலையாகவே ஆக்கிக்கொண்டதை விவரித்து, ஒருவர் தன் வேலையைத் தானே திருத்திச் செதுக்கிக்கொள்ள முடியும் என்றார்கள். அருமையான கட்டுரைதான். ஆனால் சம்பளம் கூட்ட மனமில்லாத நிர்வாகங்கள் பயிற்சி வகுப்புகளில் இதையே எடுத்து வைத்துக்கொண்டு "எல்லாம் பார்க்கும் பார்வையில் இருக்கிறது" என்று பாடம் நடத்துவதைக் கண்டால் எனக்கு எரியும். உங்கள் வேலையை நேசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. போகும்போது கையோடு எடுத்துப்போக ஏதாவது இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள் என்கிறேன்.

எனக்கு அது பதிவேட்டில் கிடைத்தது. தினம் நாலைந்து பேர் வந்து "அந்தக் கடிதம் வந்துவிட்டதா?" என்பார்கள். நீள அகலமான அந்தப் பதிவேட்டை விரித்து, விரலை ஓட்டி, பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். சில நாள் ஒரு கடிதத்துக்கே அரை மணி நேரம் போகும். யாரும் கேட்காமலே, மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, அதே பத்திகளை எக்செலில் போட்டேன்: தேதி, எண், அனுப்பியவர், பிரிவு, யாரிடம் போனது. இரண்டு வாரம் பிடித்தது. முதல் முறை எக்செலின் வடிகட்டி (ஃபில்டர்) வைத்துத் தேடி ஒரு கடிதத்தை அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தபோது, வந்தவர் நம்பாமல் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார். எனக்குச் சம்பளம் கூடவில்லை. உன் வேலை சுலபமாகிவிட்டதே என்று கூடுதலாக ஒரு பிரிவின் தபாலையும் என் தலையில் கட்டினார்கள். ஆனால் என் விண்ணப்பத்தில் முதல் தடவையாகச் சொல்லிக்கொள்ள ஒரு வரி வந்தது: 'கையால் எழுதிய தபால் பதிவேட்டைத் தேடக்கூடிய எக்செல் பதிவாக மாற்றினேன், ஒரு கடிதத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது அரை நிமிடமாகக் குறைந்தது.' அடுத்த வேலைக்கான நேர்காணலில் பாதி நேரம் இந்த ஒரு வரியைப் பற்றியே போனது.

நீங்கள் ஏற்றும் ரசீதுகளிலும் இப்படி ஒன்று இருக்கும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரே ரசீது இரண்டு முறை ஏறுகிறதா, மாதக் கடைசியில் கூட்டல் உதைக்கிறதா என்று பாருங்கள். வி-லுக்அப் (ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தருவது), பைவட் டேபிள் (விவரங்களைத் தொகுத்துக் கூட்டிக் காட்டுவது) என்ற எக்செல் வசதிகள் இரண்டையும் தனியே ஒரு பயிற்சி வகுப்பில் படிப்பதைவிட, உங்கள் எரிச்சலான ஒரு வேலைக்குப் பயன்படுத்திக் கற்றால் மறக்காது. நிறுவனத்தின் விவரங்களை மட்டும் வெளியே எடுத்துப் போகாதீர்கள். செய்த விதம் உங்களுடையது, உள்ளே இருக்கும் தரவு அவர்களுடையது.

மேலாளரின் சொந்த வேலைகளை முகத்துக்கு நேரே மறுத்தால் பகைதான் மிஞ்சும். "போய்விட்டு வருகிறேன் சார், ஆனால் இன்று நாலு மணிக்குள் கேட்ட அந்த அறிக்கை நாளைக் காலைதான் முடியும், பரவாயில்லையா?" என்று ஒவ்வொரு முறையும் முகம் கோணாமல் கேளுங்கள். எதை விடுவது என்ற முடிவை அவரே எடுக்கட்டும். பாதி நாள் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

இனி தேடல். மாலையில் தேடாதீர்கள். கராசெக் சொன்ன அந்த மந்தம் மாலையில்தான் உச்சத்தில் இருக்கும். அப்போது எழுதும் விண்ணப்பமும் அழுது வடியும். காலையில் கிளம்புவதற்கு முன் 45 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். நாளைக் காலை எதைச் செய்வது என்பதை முந்தின இரவே ஒரு வரியில் எழுதி வையுங்கள். 'வேலை தேட வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. 'ஆறரைக்கு உட்கார்ந்ததும் இந்த நிறுவனத்துக்கான விண்ணப்பத்தின் முதல் பத்தியைத் திருத்துவேன்' என்று எழுத வேண்டும். 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் செய்து முடிப்பது அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் நன்றாக நிறுவியிருக்கின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. முடிக்காத காரியம் மனதை நச்சரித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அதற்குத் தெளிவான திட்டம் ஒன்றை எழுதி வைத்தாலே நச்சரிப்பு அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் காட்டினார்கள். ராத்திரித் தூக்கத்துக்கு அந்த ஒரு வரி நல்லது.

ஐந்து மாதமாகப் பதிலே இல்லை என்றால், நேர்காணலில் நீங்கள் சொதப்பவில்லை, அங்கே போகவே இல்லை. ஆகக் கோளாறு விண்ணப்பத்தில், அல்லது எந்தப் பதவிக்கு அனுப்புகிறீர்கள் என்பதில். ஒரே தற்குறிப்பை ஐம்பது இடங்களுக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். படிப்பவருக்கு அது முதல் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். 'டேட்டா என்ட்ரி, கோப்புப் பராமரிப்பு, இதர அலுவலகப் பணிகள்' என்ற வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதை எழுதியவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. மாதம் எத்தனை ரசீது, எத்தனை பேருடைய கணக்கு, பிழை வந்தால் யார் பிடிப்பார்கள் என்று உள்ளதை உள்ளபடி எண்ணோடு எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து அனுப்பினால் போதும், ஐந்தும் அந்தந்த விளம்பரத்தைப் படித்து எழுதியவையாக இருக்கட்டும். முன்பணம் கட்டினால் வேலை உறுதி என்று எவராவது சொன்னால், அங்கே வேலை இல்லை, உங்கள் பணம்தான் அவர்கள் வேலை.

விளம்பரங்களை மட்டும் நம்பவும் வேண்டாம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒரு கணக்குக் கொடுத்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு வழி காட்டியது எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கும் ஆள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும். லிங்க்டினில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனைகள் 2022-ல் வெளியானபோதும் ஏறக்குறைய இதுவே தெரிந்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத தொடர்புகளே அதிகம் உதவின. கூடப் படித்து இப்போது பேச்சே இல்லாத பத்துப் பேருக்கு எழுதுங்கள். "வேலை இருந்தால் சொல்லு" என்று எழுதாதீர்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும். "உங்கள் இடத்தில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் கேட்கலாமா?" என்று கேளுங்கள்.

குமாஸ்தா வேலை என்றதும் எல்லோரும் ராமானுஜனை இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன், ஆனால் மேதைமைக்காக இல்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தன்னைக் குமாஸ்தா என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவரிடம் முயன்று கைகூடவில்லை. எனக்குப் பிடித்த பகுதி வேறு: அதே அலுவலகத்தில் மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இவருக்காகப் பேசியவர். உங்கள் அலுவலகத்திலும் வேறு பிரிவில், வேறு மாடியில், உங்கள் வேலையின் தரத்தைக் கவனிக்கக்கூடிய ஒருவர் இருக்கலாம். மேலாளர் மீதுள்ள கோபத்தில் ரசீதுகளைத் தப்பும் தவறுமாக ஏற்றினால், அவர் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

சில்லறை விஷயங்கள் சில. அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ விண்ணப்பம் அனுப்பாதீர்கள், பார்ப்பதற்கு அவர்களுக்கு வழி உண்டு. நேர்காணலை வேலை நேரத்துக்கு முன்போ பின்போ வைக்க முடியுமா என்று கேட்கத் தயங்காதீர்கள், வேலையில் இருப்பவர் கேட்பது இயல்பு. எதற்கு விடுகிறீர்கள் என்று கேட்டால், "இங்கே கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுவிட்டேன், அடுத்ததாக இந்த வேலையில் இன்னது செய்ய ஆசை" என்பதோடு நிறுத்துங்கள். வாய்மொழி வாக்குறுதியை நம்பி ராஜினாமா கொடுக்க வேண்டாம், நியமனக் கடிதம் கையில் வரட்டும். இப்போதே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று பார்த்து வையுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

கடைசியாகப் பக்கத்து இருக்கை நண்பர். அவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் சொல்லாதீர்கள். காட்டிக்கொடுப்பார் என்பதற்காக இல்லை. நீங்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்ததும் "எங்கே போயிருக்கிறான்?" என்று மேலாளர் அவரிடம்தான் கேட்பார், அந்த மனுஷன் உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டிவரும். நான் சொன்னேன், என் நண்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூன்று மாதம் என் விடுப்பு விண்ணப்பம் ஒவ்வொன்றையும் மேலாளர் மேசை மேலேயே போட்டு வைத்திருந்தார். ராஜினாமா கொடுத்த அன்று மாலை முதல் ஆளாக நண்பரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அந்த எக்செல் எப்படி ஓடுகிறது என்பதையும் உட்கார்ந்து அவருக்குக் காட்டிக் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த ரசீதுகள் அவர் மேசைக்குத்தான் வரும்.